பிஸ்கட் டப்பாவில் ஐந்து பெரியவர்கள்

முதலில் நான் நம்பிய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் எருமையிடம் தோற்றுப்போன கதையை எழுதிய பிறகு, இந்தப் பத்திரிகை வாசகர்களிடம் இழப்பதற்கு எனக்கு மரியாதை ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே தைரியமாகச் சொல்கிறேன்.

ஒரு தை அமாவாசையன்று எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் காக்கை வரவில்லை. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே செத்துப்போன, படாளம் பக்கத்து மனிதர் ஒருவர் என்மேல் கோபமாக இருப்பதுதான் காரணம் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதையாக அவிழ்த்துவிட்டுக்கொண்டு, அவரிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு நம்பினேன்.

அப்போது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். மிக்ஸர் மருந்து ஊற்றும்போது கை நடுங்காத ஆள் என்று பஜாரில் பெயர் எடுத்தவன். அணா போய் நயா பைசா வந்து, டீக்கடைக்காரரும் வாடிக்கைக்காரரும் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த காலம்.

காட்சி இதுதான். மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் வரிசையாக ஆறு சோற்று உருண்டைகள், ஒவ்வொன்றும் ஒரு வாழையிலைத் துண்டில். அவற்றுக்கு எதிரே நின்று நான் "கா, கா" என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறேன். மாடிப்படியின் உச்சியில் என் மனைவி சரோஜா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. படியின் பாதியில் அவள் தம்பி தணிகாசலம், வயிற்றில் கை வைத்துக்கொண்டு. அமாவாசையன்று காக்கை சோறு எடுக்காமல் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட உட்காரக்கூடாது. கீழேயிருந்து சாம்பார் வாசனை படியேறி வந்து தணிகாசலத்தைச் சித்திரவதை செய்துகொண்டிருந்தது.

காக்கைக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்வீட்டு வேப்பமரத்தில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து எங்களைப் பார்த்தது. பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போனது, அதற்கடுத்த வீட்டுக்குப் போனது. எங்கள் சுவருக்கு மட்டும் வரவில்லை.

"உச்சி சாயறதுக்குள்ள காக்கா வாய வெக்கலன்னா, அந்த டப்பா கொளவாய் ஏரிக்குப் போவுது. சொல்ட்டேன்" என்றாள் சரோஜா.

அந்த டப்பா என் உயிர். ஏன் என்று விளங்கக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். கொஞ்சம் என்றால், கற்காலம் வரைக்கும்.

டப்பாவின் சட்டம்

டாக்டர் வீட்டில் தூக்கிப்போட்ட பிஸ்கட் டப்பா அது. மூடியில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குக் கீழே நான் மனிதகுல வரலாற்றைச் சேர்த்துவைத்திருந்தேன்.

மற்றவர்கள் தபால்தலை சேர்த்தார்கள், தீப்பெட்டிப் படம் சேர்த்தார்கள். எனக்கு அதெல்லாம் சின்ன வேலையாகப் பட்டது. நான் எனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். இந்தப் பக்கத்தில் மனிதன் வாழ்ந்த ஒவ்வொரு காலத்திலிருந்தும் ஒரே ஒரு பொருள். சின்னதாக இருக்கவேண்டும். அசலாக இருக்கவேண்டும். உள்ளே வைத்தால் மூடி மூடவேண்டும்.

எங்கள் பக்கத்தில் பழசுக்குக் குறைவில்லை. கிணறு வெட்டினால் ஏதாவது வரும், ஏர் ஓட்டினால் ஏதாவது வரும், கடல் உள்வாங்கினால் ஏதாவது வரும். அசலுக்குத்தான் குறைவு. மகாபலிபுரத்தில் ரதங்களுக்குப் பக்கத்தில் ஒருவன் என்னிடம் பல்லவ ராணியின் தோடு என்று ஒன்றைத் தள்ளிவிட்டான். பஞ்சில் சுற்றி ஒரு மாதம் வைத்திருந்தேன். அதே மாதிரித் தோடு என் சைக்கிளின் பின்சக்கரத்திலும் இருப்பதை ஒருநாள் பஞ்சர் ஒட்டும்போது பார்த்தேன். ராணியிடம் சைக்கிள் இருந்திருக்கலாம் என்று கூடக் கொஞ்ச நேரம் யோசித்தேன் என்றால், என் ஆசையின் ஆழம் உங்களுக்குப் புரியும்.

முதல் அசல் என் காலைக் கடித்துக்கொண்டு வந்தது. சிங்கப்பெருமாள் கோயில் போகும் வழியில், குன்றடியில் செம்மண் சரளைக்காட்டில் நடக்கும்போது ஒரு கல் என் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் உள்ளங்கையளவு கல். விளிம்பைச் சில்லுச் சில்லாகத் தட்டிக் கூராக்கியிருந்தது. கற்கால மனிதன் செய்த ஆயுதம். செய்தவன் நோக்கம் பலித்தது, கொஞ்சம் தாமதமாக.

அடுத்தது பல்லவர் செப்புக்காசு. மகாபலிபுரக் கரையில் புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், அலை இழுத்துக்கொண்டு போன செருப்பைத் தேடிக் குனிந்தபோது கிடைத்தது. அதில் ஒரு காளை இருக்கிறது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் காளை. நிழலில் பார்த்தால் பன்றி.

மற்ற இரண்டும் காதர் பாய் கொடுத்தவை. காதர் பாய் பஜாரில் பழைய இரும்பு, பித்தளை வாங்கி விற்பவர், என் சிநேகிதர். கோட்டைப் பக்கம் கிடைத்த ஒரு பித்தளைப் பொத்தானைக் கொடுத்தார். கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்து வெள்ளைக்காரச் சிப்பாயின் சிவப்புக் கோட்டிலிருந்து அறுந்தது. பொத்தான் போன பிறகு அந்தச் சிப்பாய் மானத்தை எப்படிக் காத்தான் என்று தெரியவில்லை.

இன்னொன்றுதான் வம்பு. படாளத்தில் கிணறு வெட்டும்போது பூமிக்குள்ளிருந்த ஒரு பெரிய மண்தாழி உடைந்தது. முன்காலத்தில் செத்தவரைத் தாழியில் வைத்து, அவர் பொருள்களையும் கூட வைத்துப் புதைப்பார்கள். வெட்டியவர்கள் பயந்துபோய்க் குழியை மூடிவிட்டு வேறு இடத்தில் வெட்டப் போய்விட்டார்கள். வெளியே அள்ளிய மண்ணில் கொஞ்சம் துருப்பிடித்த இரும்பும், கோவைப்பழம் போல ஒரு சிவப்புக் கல்மணியும் மாட்டிக்கொண்டன. இரும்பு காதர் பாய் கடைக்கு வந்தது. மணியும் ஒட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணாத்த, இத்த நான் வெச்சிக்க மாட்டேன். மையத்து சாமான், பொணத்தோட பொதச்சது. ஊட்ல தெரிஞ்சா பேஜாரு" என்றார் காதர் பாய். "நீதான் இதுக்கெல்லாம் பயப்படாத ஆளு."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே வாங்கிக்கொண்டேன்.

சதுரங்கப்பட்டணத்தில் ஒரு பாடம்

டப்பாவில் டச்சுக்காரர் இல்லாதது உறுத்திக்கொண்டே இருந்தது. பொங்கல் முடிந்து வெயில் திரும்பியதும் சதுரங்கப்பட்டணத்துக்குப் போனேன்.

அங்கே டச்சுக்காரர்களின் கோட்டை இடிந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உள்ளே அவர்கள் கல்லறைகள். ஒரு கல்லில் மண்டையோடு செதுக்கியிருப்பார்கள். சாவைப் பற்றிச் சந்தேகமே வரக்கூடாது என்று நினைத்த ஜனங்கள்.

கோட்டைக்கு வெளியே மணலில் ஏகாம்பரம் என்ற மீனவர் கருவாடு காயப்போட்டிருந்தார். பக்கத்தில் குந்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். டச்சுக்காரன் புகை குடித்த வெள்ளை மண்குழாய், உடைந்த துண்டாக இருந்தாலும் போதும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செத்தவன் பீடித்துண்டு பொறுக்கவா சார் செங்கல்பட்டுலேர்ந்து வந்துகீற?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது. மனிதர் எழுந்து மணலைக் காலால் இரண்டு தள்ளு தள்ளினார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய்த்துண்டு எட்டிப் பார்த்தது. கைமாறாக என் புகையிலைப் பொட்டலத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். டச்சுக்காரர் கொண்டுவந்த பழக்கம் அப்படியே தொடர்வதைப் பார்த்து எனக்கு மெய்சிலிர்த்தது.

இன்னொன்றும் பார்த்தேன். அத்தனை கருவாடு காய்ந்தும் ஒரு காக்கை கிட்டே வரவில்லை. ஒரு கொம்பில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. காற்றில் அது தொய்ந்து தொய்ந்து ஆடியது. காக்கை செத்துத் தொங்குகிறது என்று நினைத்துக்கொண்டு மற்றக் காக்கைகள் அண்டாது என்றார் ஏகாம்பரம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, கம்பி முறிந்து ஒரு பக்கம் இறக்கை போலத் தொங்கும் என் பழைய கறுப்புக் குடையை விரித்து, மாடி மூலையில் இருந்த மூங்கிலில் கட்டினேன். சரோஜா அப்போது மாடியில் வடகம் காயவைக்கத் தொடங்கியிருந்தாள். அந்தத் தடவை வடகம் ஒன்றுகூடக் குறையாமல் டின்னுக்குப் போனது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் முதல்முறையாக, "உங்களுக்குக் கூட மூள கீது" என்று சரோஜா சொன்னாள். அந்தப் பாராட்டை நான் இன்றுவரை மறக்கவில்லை.

வயிற்றுப்போக்கு வந்த சாட்சி

அதே வாரம், குகைக் கோயில்களை ஆராய வந்த பண்டிதர் ஒருவர் எங்கள் டாக்டரிடம் வந்து சேர்ந்தார். ஏதோ ஓட்டலில் எதையோ சாப்பிட்டு வயிறு கெட்டுப்போயிருந்தது. மிக்ஸரைக் கொடுக்கும்போதே டப்பாவையும் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டேன்.

மனிதர் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நடுவே கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து பார்த்தார். மணியை மட்டும் வெகுநேரம் பார்த்தார். கடைசியில், ஐந்தும் அசல் என்று சொல்லிவிட்டு மறுபடி கொல்லைப்பக்கம் ஓடினார். வயிறு அந்த நிலையில் இருக்கும் மனிதன் முகஸ்துதி செய்யமாட்டான். நான் ஆகாயத்தில் மிதந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

போன வேகத்தில் சரோஜாவிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. அதுவரை அவளைப் பொறுத்தவரை அந்த டப்பாவில் இருந்தது குப்பை. குப்பையால் யாருக்கும் கெடுதல் இல்லை. இப்போது அது அசலாகிவிட்டது.

"அசலுன்னா இன்னா அர்த்தம்?" என்றாள்.

"அந்தக் காலத்து மனுஷங்க நெஜமாவே வெச்சிருந்த பொருள்னு அர்த்தம்."

"இந்த மணி?"

"ஒருத்தர் கழுத்துல கெடந்தது. செத்தப்புறம் கூடவே வெச்சிப் பொதைச்சிட்டாங்க."

சரோஜா அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். "அப்ப அவரு பொருள நாம வெச்சிக்கினு கீறோம். அவருக்கு யாரு அமாவாசைக்குப் படைக்கிறாங்க?"

படாளத்தில் அவர் வம்சம் என்று யாரும் இருப்பதாக எனக்குத் தகவல் இல்லை என்றேன். சரோஜா தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். பொருள் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீடுதான் படைக்கவேண்டும்.

இதில் அவளைக் குறை சொல்ல முடியாது. செத்தவர் சொத்தை எடுத்துக்கொண்டவன்தான் கருமமும் திதியும் செய்யவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இதை வைத்து எத்தனையோ அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். எத்தனை வருஷத்துக்கு முன் செத்தவர் வரை இது செல்லும் என்று மட்டும் யாரும் வரையறுத்து வைக்கவில்லை.

பிறகு அவள் சாட்சியங்களை அடுக்கினாள். மணி வந்ததிலிருந்து பால் திரிகிறது. சைக்கிள் ஓயாமல் பஞ்சர் ஆகிறது. என் கழுத்தில் ஒரு கட்டி கிளம்பியிருக்கிறது. அதுவும் எங்கே, சரியாக மணி தொங்கும் இடத்தில்.

அதுவரை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். கட்டி என்றதும் அது விண்ணென்று தெறித்தது. எத்தனையோ பேருக்குக் கட்டியில் களிம்பு தடவிய கை, என் கழுத்துக்குப் போகப் பயந்தது. அன்றைக்கே படைத்துவிடலாமா என்று கேட்டேன். அமாவாசைதான் வருகிறதே என்றாள்.

பந்தி விசாரணை

தாழிக்காரருக்கு மட்டும் படைத்தால் மற்ற நால்வரும் சும்மா இருப்பார்களா? ஐவருக்கும் படைப்பதென்று முடிவாயிற்று. எங்கள் குடும்பத்துப் பெரியவர்களுக்கு வழக்கமான ஒரு படையல். ஆக ஆறு.

என்ன சமைப்பது என்பதில் இரண்டு நாள் போயிற்று. கற்கால மனிதனுக்கு மாமிசம்தான் பிடிக்கும் என்றேன். அமாவாசையும் அதுவுமாக மாமிசமா என்று சரோஜா முறைத்தாள். சுட்ட வள்ளிக்கிழங்கு என்று சமரசமானோம். உப்புப் போடுவதா வேண்டாமா என்று மறுபடி தகராறு. உப்பு அவனுக்குத் தெரிந்திருக்காது என்றேன். செத்தப்புறமாவது ருசி தெரியட்டும் என்று கிழங்கை மசித்து ஒரு சிட்டிகை போட்டு உருட்டினாள்.

தாழிக்காரருக்கு நெய்ச்சோறு. பல்லவக் காசுக்கு யார் சொந்தக்காரன் என்று தெரியாததால், ராஜாவாகவே இருக்கட்டும் என்று சர்க்கரைப் பொங்கல். சிப்பாய்க்குச் சோற்றின் நடுவே ஒரு பிஸ்கட். டச்சுக்காரர் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

அமாவாசையன்று படைத்து முடித்து, உருண்டைகளை மாடிச் சுவரில் வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தோம். காக்கை வரவில்லை. சரோஜாவுக்கு முதல் சந்தேகம் என் அப்பாமேல் போயிற்று.

அப்பா கதர்க்காரர். வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று கொய்னா மாத்திரையைத் துப்பிவிட்டு ஒரு மாதம் மலேரியாவில் நடுங்கியவர். அப்படிப்பட்டவரின் இலைக்குப் பக்கத்து இலையில் நாங்கள் வெள்ளைக்காரச் சிப்பாயை உட்காரவைத்திருந்தோம். மாமனார் எப்படி வாய் வைப்பார் என்றாள் சரோஜா. நியாயமாகத்தான் பட்டது. சிப்பாயைக் கடைசிக்குத் தள்ளி, நடுவில் பல்லவரை நகர்த்தினோம்.

காக்கை வரவில்லை. கற்காலத்தவர் எல்லோருக்கும் மூத்தவராயிற்றே, முதல் இலை அவருக்கல்லவா என்று அவரை முன்னால் கொண்டுவந்தோம். அப்போதும் வரவில்லை. கல்யாணப் பந்தியில் சம்பந்திகளை உட்காரவைப்பது இதைவிடச் சுலபம்.

"கழுக்குன்றத்துல பாருங்க, மலைமேல ஐயர் கிண்ணத்தத் தட்டினா கழுகு பறந்து வந்து பொங்கல் துன்னுட்டுப் போவுது" என்றாள் சரோஜா. "நம்ம வூட்டு மாடிக்குத் தெருக்காக்கா வரமாட்டேங்குது. இதுக்கு மேல இன்னா சொல்லணும் அந்தப் பெரியவரு?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வடகத்துக்காக நான் கட்டிய குடை இன்னும் மூலையில் நின்றது. அதன் நிழலில் ஒதுங்கிக்கொண்டு, இன்னும் தெம்பாகக் கத்தினேன்.

நாலு சொட்டு

தணிகாசலம் சாதாரண மச்சான் இல்லை. மதுவிலக்குப் போலீஸில் கான்ஸ்டபிள். மண்ணுக்குள் புதைத்த சாராய ஊறலை மேலே நின்றே மோப்பம் பிடிப்பான் என்று இலாகாவில் அவனுக்குப் பெயர்.

இது தெரிந்தும் டச்சுக்காரர் உருண்டையில் நாலு சொட்டு இஞ்சி டிங்சர், அதாவது சாராயத்தில் இறக்கிய மருந்து, விட்டிருந்தேன். மதுவிலக்கு வந்த பிறகு ஊர்க் குடிகாரர்கள் கம்பவுண்டர்களை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்ததற்கு அந்த டிங்சர்தான் காரணம். டச்சுக்காரர் வெறும் சோற்றுக்கு வரமாட்டார் என்பது என் கணிப்பு.

பசியில் மூக்கு இன்னும் கூர்மையாகும் போலிருக்கிறது. தணிகாசலம் படியேறி மேலே வந்தான்.

"மாமா, இன்னா வாசன இது?"

"இஞ்சி."

"இஞ்சின்னா தொகையல் வாசன வரணும். இது வேற." சுவரோரமாகக் குனிந்து ஒவ்வோர் உருண்டையாக முகர்ந்துகொண்டே போனான். டச்சுக்காரரிடம் வந்ததும் நின்றான். "இத்த யாருக்கு வெச்சிகீற?"

"டச்சுக்காரனுக்கு."

"எங்க கீறான் அவன்?"

"சதுரங்கப்பட்டணத்துல. கல்லறையில."

தணிகாசலம் யோசித்தான். "பர்மிட்டு கீதா அவனுக்கு?"

இல்லை என்றேன். டச்சுக்காரர் போன காலத்தில் பர்மிட் கொடுக்கும் வழக்கம் வரவில்லை என்றேன். அவன் முகம் கோர்ட்டில் நிற்கும்போது இருக்கும் முகமாக மாறியது.

"குடிக்கிறவன் செத்தவன். அவன் மேல கேஸு நிக்காது. வெச்சிக்கினு கீறவன் நீ. உன் மேலதான் நிக்கும் மாமா."

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உருண்டையைத் தூக்கிப்போட்டால் டச்சுக்காரருக்குக் கோபம் வரும். அப்படியே விட்டால் மச்சான் பிடித்துக்கொண்டு போவான். சாட்சியை அழிக்க நானே வாயில் போட்டுக்கொண்டாலோ, காக்கைக்கு முன்னால் தின்ற பாவம் வரும். கழுத்துக் கட்டி வேறு துடித்துக்கொண்டிருந்தது. கால்கள் இரண்டும் தனித்தனியே நடுங்கின. மிக்ஸர் ஊற்றும்போது கை நடுங்காதவன் என்றேனே, கால்களைப் பற்றி பஜாரில் யாரும் உத்தரவாதம் தந்ததில்லை.

நல்லவேளையாக அவன் பசி கடமையை ஜெயித்தது. "சரி உடு. காக்கா துன்னா கேஸு காக்கா மேல" என்றான்.

ஆனால் காக்கைதான் தின்னவில்லையே. இன்னும் கொஞ்ச நேரம் வேப்பமரத்தை முறைத்துப் பார்த்துவிட்டு, டீ குடிப்பது சாப்பிடுவதில் சேராது என்று ஒரு சட்டப் பாயிண்டைக் கண்டுபிடித்தான். பஜாருக்குப் போய்வருகிறேன், வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று சொல்லி, என் தலைக்குமேல் இருந்த குடையை மூங்கிலிலிருந்து அவிழ்த்து மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

வெயில் சுள்ளென்று என் மண்டையில் இறங்கியது. தாழிக்காரர் கோபத்தின் அடுத்த கட்டம் என்றே அதையும் எடுத்துக்கொண்டேன்.

மன்னிப்பு

சரோஜா டப்பாவோடு மேலே வந்தாள். மூடியில் சீமாட்டி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உச்சி சாஞ்சிடுச்சி. சைக்கிள எடுங்க."

சைக்கிள் பஞ்சர் என்றேன். நடந்தே போவோம், ஏரி எங்கேயும் ஓடிவிடாது என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. கோபமாக இருந்தால் கெஞ்சலாம். அவள் யாரோ ஒருவருக்காகப் பயந்துகொண்டிருந்தாள். அந்த யாரோ நான்தான், என் கழுத்துக் கட்டிதான் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது.

ஒரே ஒரு வாய்ப்புக் கொடு என்று டப்பாவை வாங்கித் திறந்தேன். கல்லும் காசும் பொத்தானும் குழாய்த்துண்டும் பஞ்சுமேல் கிடந்தன. எத்தனை வருஷ அலைச்சல். மணியை எடுத்தேன். நெய்ச்சோற்று உருண்டையின் உச்சியில் அழுத்தி வைத்தேன். வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு கைகூப்பினேன்.

"பெரியவரே, மன்னிச்சிடுங்க. திருடணும்னு எடுக்கல. ஒங்க சாமான் ஒங்க முன்னாலயே கீது, எடுத்துக்குங்க. மத்த நாலு பேரை மட்டும் எனக்கு உட்டுடுங்க. அவங்க ஒங்க சொந்தக்காரங்க கூட இல்ல."

சொல்லி வாய் மூடவில்லை. வேப்பமரத்திலிருந்து ஒரு காக்கை கிளம்பியது. நேராக வந்து சுவரில் இறங்கியது. என்னைப் பார்த்தது. நெய்ச்சோற்றைப் பார்த்தது. மணியோடு சேர்த்து ஒரு வாய் கொத்திக்கொண்டு ஏரிப் பக்கமாகப் பறந்துபோய்விட்டது.

அதன் பின்னால் மொத்தக் கூட்டமும் வந்து இறங்கியது. கற்காலத்தவரின் கிழங்கு போயிற்று. சிப்பாயின் பிஸ்கட்டுக்கு இரண்டு காக்கைகள் அடித்துக்கொண்டன. டச்சுக்காரர் உருண்டையை ஒன்று கொத்தியது, தலையை உதறியது, யோசித்தது, திரும்ப வந்து கொத்தியது. அப்பாவின் உருண்டையும் காலி.

எனக்கு உடம்பு பூராவும் மயிர்க்கூச்செறிந்து நின்றது. சரோஜா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"அவரு பொருள அவரு எடுத்துக்கினாரு" என்றாள். "மத்தவங்க ஒண்ணும் கேக்கல. டப்பாவ உள்ள வெச்சிட்டுச் சாப்புட வாங்க."

அன்று சாயங்காலம் டிஸ்பென்சரியில் நோயாளிகள் மருந்தை மறந்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் காக்கை கொஞ்சம் பெரிதாகிக்கொண்டு வந்தது. காதர் பாய் கதையைக் கேட்டுவிட்டுக் கடையைச் சீக்கிரமே சாத்தினார்.

மறுநாள்

மறுநாள் காலை சரோஜா இரண்டாம் தவணை வடகம் பிழிய மாடிக்கு வந்தாள். நானும் துணைக்குப் போனேன். பிழியப் பிழியக் காக்கைகள் வந்து கொத்தின. முந்தின நாள் வருந்தி வருந்தி அழைத்தும் வராதவை, இப்போது விரட்டினாலும் போகவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தணிகாசலம் குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தான். வாங்கி விரித்து, பழைய இடத்தில், அந்த மூங்கிலில் கட்டினேன். முறிந்த பக்கம் இறக்கை போலத் தொங்கி ஆடியது.

காக்கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பி வேப்பமரத்துக்குப் போயின. அங்கே உட்கார்ந்துகொண்டு கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன.

அந்தக் கழுத்துச் சாய்ப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சாய்ப்பு. முந்தின நாள் காலை முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரோஜா மாவுக் கையோடு நிமிர்ந்தாள். குடையைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, நேத்து காலையில இந்தக் கொடை எங்க இருந்துச்சி?"

"இங்கதான்."

"நீங்க?"

"கொடைக்குக் கீழ."

அவள் குனிந்து வடகம் பிழிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் தோள் மட்டும் குலுங்க ஆரம்பித்தது.

ஆனால் படையல் இலை நிற்கவில்லை. இன்றைக்கும் தை அமாவாசையென்றால் எங்கள் வீட்டில் தாழிக்காரருக்கு நெய்ச்சோறு உண்டு. மணிதான் போய்விட்டதே, இனி அவர் நமக்கு யார் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "ஒரு வாட்டி குந்த வெச்சி சோறு போட்டாச்சி. அடுத்த வாட்டி வாசல்ல நிக்க வெப்பீங்களா?" என்றாள் சரோஜா. மற்ற நால்வரும் டப்பாவில் பத்திரமாக இருக்கிறார்கள்.

மற்றபடி நடந்தது இவ்வளவுதான். காக்கை வராததற்குக் காரணம் குடை. கட்டியவன் நான். குடை போனதும் காக்கை வந்தது. மணியில் நெய்ச்சோறு ஒட்டியிருந்தது, அதனால் கொண்டுபோனது. கழுத்துக் கட்டியை அந்த வாரமே டாக்டர் கீறிவிட்டார். உள்ளே சீழ்தான் இருந்தது.